விளையாட்டுக் கணக்கு: ஒரு மோசடி வரலாறு

சார்லமேன் சக்கரவர்த்திக்கு எழுத வராது. மேற்கு ஐரோப்பாவில் பாதிக்கு மேல் அவர் கையில் இருந்தது. எழுத்தாணி மட்டும் கையில் நிற்கவில்லை. தலையணைக்கு அடியில் பலகைகளை வைத்துக்கொண்டு ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எழுத்துப் பழகினார் என்றும், வயசான பிறகு ஆரம்பித்ததால் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்றும் அவருடைய சரித்திரத்தை எழுதிய ஐன்ஹார்டு சொல்லியிருக்கிறார். ராஜாவைப் பற்றி இப்படி எழுதியும் ஐன்ஹார்டின் தலை தப்பியதற்குக் காரணம், அதை எழுதியபோது ராஜா உயிரோடு இல்லை.

இந்த அரண்மனைக்கு 782 வாக்கில் இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்து ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். பெயர் அல்குயின். ராஜாவுக்கு வானசாஸ்திரக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். ராஜகுடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர்தான் குரு. எல்லாருக்கும் பட்டப்பெயர் சூட்டினார்: ராஜாவுக்கு பைபிளில் வரும் தாவீது, தனக்கு ரோமானியக் கவி ஹொரேஸின் பெயர்களில் ஒன்றான ஃப்ளாக்கஸ். தன்னடக்கம் அவருக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை.

இவர் எழுதியதாகச் சொல்லப்படும் லத்தீன் நூல் ஒன்று இருக்கிறது. இளையோரின் புத்தியைக் கூர்மையாக்குவதற்கான கணக்குகள் என்று தலைப்பு. ஐம்பத்துச் சொச்சம் புதிர்கள். கணக்கை விளையாட்டாகக் கற்பிக்கிறேன் பேர்வழி என்று கிளம்பியவர்களில் இவரைத்தான் ஐரோப்பியர்கள் முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் புலி, ஆடு, புல்லுக்கட்டோடு பரிசலில் ஆறு கடப்பார்களே, அது இந்த நூலில் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ். அதோடு விட்டாரா என்றால் இல்லை. மூன்று பேர் ஆளுக்கொரு தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒருவன் தங்கையை இன்னொருவனிடம் தனியாக விட்டால் விபரீதம். எப்படிக் கடப்பது? இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு மதகுரு போட்ட கணக்கு!

இன்னொரு புதிர். இரண்டு பேர், ஒருவன் தங்கையை மற்றவன் மாற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பிறக்கும் பையன்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? மாணவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்று அல்குயின் போட்டிருக்கிறார். நம் ஊரில் கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும் எந்தப் பாட்டியும் இலையிலிருந்து தலை தூக்காமல் சொல்லிவிடுவாள்: மச்சான்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் வேறென்ன வரும்?

எனக்குப் பிடித்தது நத்தைக் கணக்கு. ஒரு தகைவிலான் குருவி நத்தையை விருந்துக்குக் கூப்பிடுகிறது. விருந்து நடக்கும் இடம் ஒரு லீக் தூரம். நத்தை ஒரு நாளைக்கு ஓர் அங்குலம்தான் நகரும். எப்போது போய்ச் சேரும்? லீக்குக்கு 7,500 அடி, அதாவது 90,000 அங்குலம். ஆக 246 வருடம், 210 நாள். லீப் வருடங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. இத்தனைக்கும் ஈஸ்டர் தேதி கணிப்பதில் மனிதர் புலி. நத்தைக்கு என்ன அவசரம் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

நூறு படி ஏணி ஒன்றும் உண்டு. முதல் படியில் ஒரு புறா, இரண்டாவதில் இரண்டு, இப்படியே நூறாவதில் நூறு. மொத்தம் எத்தனை? ஒன்றையும் தொண்ணூற்றொன்பதையும் சேர், இரண்டையும் தொண்ணூற்றெட்டையும் சேர் என்று ஜோடி ஜோடியாகக் கட்டி, மிச்சமிருக்கும் ஐம்பதையும் நூறையும் கூட்டி 5,050 என்று விடை எழுதியிருக்கிறார். சுமார் ஆயிரம் வருடம் கழித்து காஸ் என்ற ஜெர்மன் பையன் வகுப்பில் இதையே நொடியில் போட்டு வாத்தியாரைத் திகைக்க வைத்ததாக ஒரு கதை, இன்றைக்கும் கணக்கு மேடைகளில் கைதட்டு வாங்குகிறது. அல்குயின் பாவம், புறாக்களைச் சேர்த்ததால் பேர் போய்விட்டது.

ஆனால் அவருடைய சுயரூபம் பன்றிக் கணக்கில் தெரிகிறது. ஒருவனிடம் 300 பன்றிகள். மூன்று நாளில் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும், ஒவ்வொரு நாளும் ஒற்றைப்படை எண்ணிக்கையில். எந்த நாள் எத்தனை? மூன்று ஒற்றை எண்களைக் கூட்டினால் ஒற்றைதான் வரும். உலகம் தலைகீழாகப் புரண்டாலும் 300 வராது. விடைப் பகுதியில் அல்குயினே அதை ஒப்புக்கொள்கிறார்: இதை யாராலும் தீர்க்க முடியாது, பையன்களைக் கடிந்துகொள்வதற்காகப் புனைந்தது என்று. பெயர் விளையாட்டு, கையில் பிரம்பு. விளையாட்டுக் கணக்கின் சரித்திரம் இந்தப் புனிதக் காரியத்தோடு தொடங்குகிறது.

அடுத்த கூட்டம் துறவிகள். 1030 வாக்கில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் அசிலோ என்ற மதகுரு, போயத்தியஸின் எண்கணித நூலைச் சீடர்கள் விரும்பிப் படிக்க ஒரு பலகை விளையாட்டைக் கட்டினார். ரித்மோமாக்கியா என்று பெயர். எண்போர் என்று வைத்துக்கொள்வோம். சதுரங்கப் பலகை இரண்டை ஒட்டிவைத்த நீளம், எட்டுக்குப் பதினாறு. ஒரு பக்கம் இரட்டைப் படை, எதிர்ப்பக்கம் ஒற்றைப் படை. பக்கத்துக்கு 24 காய்கள்: வட்டம், முக்கோணம், சதுரம், ஒரே ஒரு பிரமிடு. ஒவ்வொரு காயிலும் ஓர் எண். இரட்டைப் படைக்காரன் தன் காய்களைப் பார்த்தால் அதில் 15, 45, 153 எல்லாம் இருக்கும். இரட்டைப் படையில் ஒற்றை எண் எப்படி வந்தது என்று கேட்டால் போயத்தியஸின் விகித விளக்கத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வெட்டுவது எப்படி? உன் காயிலுள்ள எண்ணை எதிரிக்காய் இருக்கும் தூரத்தால் பெருக்கு. எதிரியின் எண் வந்தால் அவன் அவுட். 4 என்ற காய் ஒன்பது கட்டம் தள்ளி நிற்கும் 36ஐத் தீர்த்துக்கட்டும். இரண்டு காய்கள் பதுங்கியிருந்து, இரண்டின் கூட்டுத்தொகை எதிரியின் எண்ணாக வந்தாலும் பிடிக்கலாம். பிரமிடு சாமானியமாகச் சாகாது. ஒரு பக்கத்துப் பிரமிடின் மதிப்பு 91, ஒன்று முதல் ஆறு வரையிலான எண்களின் வர்க்கங்களைக் கூட்டியது. எதிர்ப்பக்கத்தின் பிரமிடு 190, நான்கு முதல் எட்டு வரை. அடுக்கடுக்காகக் கழற்ற வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டால் ஜெயித்ததாக அர்த்தமா? கிடையாது. எதிரியின் பக்கம் போய், உன் காய்களைக் கூட்டுத்தொடர், பெருக்குத்தொடர், இசைத்தொடர் மூன்றும் அமைகிற மாதிரி நிறுத்தினால்தான் மகா வெற்றி. எதிராளி அதற்குள் தூங்கிவிட்டால் வெற்றி செல்லுமா என்பதற்கு விதி காணோம்.

நம்புங்கள், இது ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. தாமஸ் மோர் 1516ல் எழுதிய கற்பனை நாட்டில், குடிமக்கள் சூதாட மாட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணை எண் கொள்ளையடிக்கும் ஒரு விளையாட்டை ஆடுவார்கள். 1563ல் இங்கிலாந்தில் விதிப்புத்தகம் அச்சானது. அடுத்த நூற்றாண்டிலேயே விளையாட்டு காலி. சதுரங்கம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, யாருக்கும் எதையும் கற்பிக்காமல், ராஜாவை மடக்கு என்ற ஒரே வேலையோடு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இதில்தான் விஷயம் இருக்கிறது. கணக்கு கற்பிப்பதற்காகவே பெற்றெடுத்த விளையாட்டு கடைசியில் காலியாகிவிடுகிறது. வேறு ஏதோ காரியத்துக்குப் பிறந்து, போகிற வழியில் கணக்கில் காலை விட்டுக்கொண்டது தப்பிப் பிழைக்கிறது. குழந்தைகளிடம் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலை பலிக்காது. பழத்தை வாங்கும்போதே ஊசி எங்கே என்று பார்த்துவிடுவார்கள்.

நம் பக்கத்து ஆசாமிகளும் சளைத்தவர்கள் இல்லை. பாஸ்கராச்சாரியார் 1150ல், தமது 36ஆம் வயதில், லீலாவதியை எழுதினார். இதற்குப் பின்னால் ஒரு கண்ணீர்க்கதை உண்டு. மகள் லீலாவதிக்கு ஒரு குறிப்பிட்ட முகூர்த்தம் தவறினால் கல்யாணமே இல்லை என்று ஜாதகம். அப்பா நீர்க்கடிகாரம் வைத்துக் காத்திருந்தார். பெண் ஆசையாக எட்டிப் பார்த்தாள். நகையிலிருந்து ஒரு முத்து உதிர்ந்து கடிகாரத்தின் துளையை அடைத்தது. முகூர்த்தம் போயிற்று. மகளைத் தேற்ற அப்பா என்ன கொடுத்தார்? கணக்குப் புத்தகம். கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கு ஆறுதல் பரிசாக வர்க்கமூலம்!

பாஸ்கரர் மேல் கோபப்படுமுன் ஒரு தகவல். இந்தக் கதையைச் சொல்வது 1587ல் அக்பரின் உத்தரவின்பேரில் நூலைப் பாரசீகத்தில் கொண்டுவந்த ஃபைஸி. நூல் எழுதி 437 வருடம் கழித்து. பாஸ்கரர் வாயிலிருந்து இதைப் பற்றி ஒரு சொல் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் புத்தகத்தில் கணக்குக்குக் கணக்கு மான்விழியே, இளம்பெண்ணே என்று விளிப்பதால், படித்தவர்கள் எல்லாம் யார் அந்தப் பெண் என்று தேடிக் கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

கணக்குகள் அருமையானவை. ஒன்பது முழத் தூணில் மயில்; தூணடியில் பாம்பின் வளை. பாம்பு 27 முழம் தள்ளி வளையை நோக்கி வருகிறது. மயில் சாய்வாகப் பாய்கிறது. இரண்டும் சம தூரம் போனால் வளையிலிருந்து எத்தனை முழத்தில் பாம்புக்கு முடிவு? 12. பிதாகரஸ் தேற்றத்தை ஒரு கொலைவழக்கில் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார். மகாபாரதத்தையும் விடவில்லை. கர்ணனோடு சண்டை. அர்ஜுனன் எடுத்த அம்புகளில் பாதி, கர்ணனின் அம்புகளைத் தடுக்க. மொத்தத்தின் வர்க்கமூலத்தைப்போல் நான்கு மடங்கு, குதிரைகளுக்கு. ஆறு சல்லியனுக்கு. மூன்று, குடைக்கும் கொடிக்கும் வில்லுக்கும். கடைசி ஒன்று கர்ணன் தலைக்கு. எத்தனை அம்பு? நூறு. பாதி ஐம்பது, குதிரைக்கு நாற்பது, மற்றது பத்து. இருபடிச் சமன்பாட்டைக் குருக்ஷேத்திரத்தில் கொண்டுபோய் வைத்த இந்தத் துணிச்சல் நம் பாடநூல் குழுக்களுக்கு வராது. சிவாஜி கணேசன் நடித்த கர்ணனை நாலு தரம் பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுகிறவனுக்குக் கண்ணீரில் விடை கலைந்துபோகும்.

தமிழில் காரி நாயனாரின் கணக்கதிகாரம். பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ணிக்கை சொல்ல அவரிடம் வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. பலாமரங்கள் இந்த விதியைப் படித்துவிட்டுக் காய்க்கின்றனவா என்பது வேறு விசாரணை. நாயனார் யாரையும் மகிழ்விக்கப் புறப்படவில்லை. நிலம், நெல், பொன் அளக்கிற உலகத்துக்காக எழுதினார். அதனால்தானோ என்னவோ, படித்தால் சிரிப்பு வருகிறது. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில், வாய்ப்பாட்டு நூலான எண்சுவடிக்கும் பிள்ளைகளை மகிழ்விக்கும் பொறுப்பு இல்லை. ஒப்பிக்கத் தவறினால் கோதண்டம் என்று கயிற்றில் தொங்கவிடுவார்கள். ஒளிவுமறைவில்லாத ஏற்பாடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால் ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் டாட்ஜ்ஸன். கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர். வகுப்பில் உற்சாகம் பொங்கியதாக மாணவர் எவரும் புகழ்ந்து வைக்கவில்லை. 1862 ஜூலையில் மூன்று சிறுமிகளோடு படகில் போகும்போது, கற்பிக்கும் எண்ணமே இல்லாமல், வாய்க்கு வந்தபடி ஒரு கதை சொன்னார். 1865ல் லூயிஸ் கரோல் என்ற பெயரில் அது ஆலிஸாக வந்தது. முட்டாள்தனத்தை இவ்வளவு ஒழுங்காக அடுக்க ஒரு தர்க்கவாதியால்தான் முடியும், உலகமே படித்தது. புத்தகத்தில் மயங்கிய விக்டோரியா ராணி அவருடைய அடுத்த நூலையும் கேட்டதாகவும், கணக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்ததாகவும் சொல்வார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று 1896ல் அவரே அச்சில் மறுத்தார். மறுப்பை யாரும் படிக்கவில்லை. அது ஒரு தர்க்க நூலில் இருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். அவருக்கும் வாத்தியார் புத்தி வந்துவிட்டது. பெண்கள் படிக்கும் ஒரு மாத இதழில் கதைக்குள் கணக்கை ஒளித்துத் தொடர் எழுதினார். வாசகர்கள் அனுப்பிய விடைகளுக்கு வகுப்பு போட்டு, தப்பு செய்தவர்களைப் புனைபெயரோடு அச்சில் வாரினார். 1885ல் அது நூலாயிற்று. அடுத்து, 1887ல் தர்க்க விளையாட்டு என்று ஒரு புத்தகம். கூடவே ஒரு அட்டைப் பலகை, ஒன்பது வில்லைகள்: ஒரு நிறத்தில் நான்கு, இன்னொரு நிறத்தில் ஐந்து. ஆடுவதற்குக் குறைந்தது ஒருவராவது வேண்டும் என்று கவனமாகக் குறித்திருக்கிறார். அந்த ஒருவர் கிடைப்பதே கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். 1893ல் படுக்கையில் கிடந்தபடி மனசுக்குள்ளேயே போட்ட 72 கணக்குகளைத் தலையணைக் கணக்குகள் என்று வெளியிட்டார். தூக்கமில்லாத இரவுகள் என்று உபதலைப்பில் இருந்ததை இரண்டாம் பதிப்பில் மாற்றினார், ஐயோ பாவம் இவருக்குத் தூக்கம் வராதோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று. சார்லமேனின் தலையணைக்கு அடியில் எழுத்து, இவருடைய தலையணைக்கு மேலே கணக்கு.

இனி நாய்கள். 1974, கேம்பிரிட்ஜ். மார்ஷா ஃபால்கோ என்ற மரபியல் ஆய்வாளர், ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்கு வரும் வலிப்பு பரம்பரையாக வருகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நாய்க்கொரு அட்டை. ஒரேமாதிரித் தகவல்களைத் திரும்பத் திரும்ப எழுதக் கை வலித்து, அவற்றுக்குப் பதிலாகக் குறிகள் வரைந்தார். கூட இருந்த கால்நடை மருத்துவர்களுக்கு அட்டைகளைக் காட்டி விளக்கும்போது, இந்தக் குறிகளைச் சேர்த்துப் பார்ப்பதே சுவாரஸ்யமாக இருக்கிறதே என்று தோன்றியது. வீட்டில் ஆடினார்கள். வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்து 1990ல் கடைக்கு வந்தது. அதுதான் செட்.

விதி இரண்டு வரியில் அடங்கும். ஒவ்வோர் அட்டையிலும் நான்கு குணங்கள்: வடிவம், நிறம், எண்ணிக்கை, நிரப்பியிருக்கும் விதம். ஒவ்வொன்றிலும் மூன்று வகை. மூன்றை நான்கு தரம் பெருக்கினால் 81 அட்டை. பன்னிரண்டைப் பரப்பு. மூன்று அட்டையில் ஒவ்வொரு குணமும் ஒன்று மூன்றிலும் ஒரேமாதிரி, அல்லது மூன்றிலும் வேறுவேறாக இருந்தால் அது ஒரு செட், எடுத்துக்கொள். இரண்டு ஒன்றாகவும் மூன்றாவது வேறாகவும் இருந்தால் செல்லாது. அவ்வளவுதான். முறை வைத்து ஆடுவதில்லை. முதலில் கண்டவர் கத்தலாம். ஏழு வயசுப் பேத்தி நான்கு செட் எடுத்துவிட்டு, அப்பா இன்னும் முதல் அட்டையையே முறைத்துக்கொண்டிருப்பதைப் பரிதாபமாகப் பார்ப்பாள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான தாத்தா, வெளிச்சம் போதவில்லை என்று எழுந்து போய்விடுவார்.

ஒரு செட்டும் கிடைக்காதபடி அதிகபட்சம் எத்தனை அட்டைகளைப் பரப்பலாம்? இருபது. இருபத்தொன்றாவதை வைத்தால் கட்டாயம் ஒரு செட் இருக்கும். இதை இத்தாலியின் ஜூசெப்பே பெல்லெக்ரினோ நிரூபித்தது 1971ல். ஃபால்கோ முதல் நாய் அட்டையில் குறி போடுவதற்கு மூன்று வருடம் முன்னால்! நான்கு பரிமாண வடிவியல் என்று எண்ணி அவர் செய்து வைத்திருந்தார். விளையாட்டு பின்னால் வந்து சேர்ந்தது. குணங்களை நான்கிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்ற கேள்வியில் கணித மேதைகள் பல பத்தாண்டு முட்டி மோதினார்கள். 2016ல் குரூட், லெவ், பாக் மூவரும் வேறொரு கணக்குக்காக ஒரு வழி கண்டுபிடிக்க, அதைப் பிடித்துக்கொண்டு எல்லன்பர்க்கும் கைஸ்விட்டும் தனித்தனியாகச் சில நாட்களிலேயே, சில பக்கங்களிலேயே விஷயத்தை முடித்தார்கள். நாய்களுக்கு இதில் பங்கு உண்டென்று யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

கடைசிக் கதைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1704ல் கோவன்ட்ரி நகரத்து ஜான் டிப்பர் பெண்களுக்காக ஒரு பஞ்சாங்கம் தொடங்கினார். சமையல் குறிப்பு, கதை, இடையில் புதிர். சில வருடத்தில் வாசகிகளின் விருப்பம் தெரிந்து சமையல் குறிப்பைத் தூக்கிவிட்டுக் கணக்கைப் போட்டார். சமையல் குறிப்பை எடுத்த பிறகும் விற்ற பெண்கள் பத்திரிகை வேறு இருந்தால் சொல்லுங்கள். அதன் வாரிசு இதழில், 1850ல், லங்காஷையரின் குரோஃப்ட் கிராமத்துப் பாதிரியார் தாமஸ் கர்க்மன் ஒரு கேள்வி அனுப்பினார். பதினைந்து பள்ளிச் சிறுமிகள். ஏழு நாள், தினமும் மும்மூன்று பேராக உலாவப் போகிறார்கள். எந்த இருவரும் இரண்டாம் தரம் ஒரே வரிசையில் வரக் கூடாது. எப்படி நிறுத்துவது?

விடை கொஞ்ச நாளில் வந்துவிட்டது, கூடவே சண்டையும். சில்வெஸ்டர் என்ற பெரிய கணித மேதை, இந்தக் கேள்வி முதலில் தோன்றியது எனக்குத்தான் என்று கிளம்பினார். சிறுமிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் எப்போதும் வழி உண்டா என்பதற்கான பொதுத் தீர்வை ராய்சௌதுரியும் வில்சனும் அச்சில் வெளியிட 1971 ஆயிற்று. நூற்றிருபத்தொரு வருடம். அந்தச் சிறுமிகளை யாராவது வீட்டுக்கு அனுப்பினார்களா?

1976ல் பிரான்ஸில் ஜாக் கோட்டெரோ என்ற கணக்குப் பிரியர் இந்தச் சிறுமிகளை மனசில் வைத்துப் பூச்சி விளையாட்டு ஒன்றைச் செய்தார். 31 அட்டை, அட்டைக்கு ஆறு படம், எந்த இரண்டு அட்டையை எடுத்தாலும் பொதுவாக ஒரே ஒரு பூச்சி. அதில் சில அட்டைகள் டெனிஸ் பிளான்ஷோ என்பவர் கண்ணில் பட்டன. பூச்சிகளைக் கழித்துவிட்டு, அட்டைக்கு எட்டுப் படம் என்று பெரிதாக்கி, 2009ல் டாபிள் பிறந்தது. இரண்டு அட்டையிலும் இருக்கும் பொதுப்படத்தை முதலில் கண்டவர் கத்த வேண்டும். பெட்டியில் கணக்கு என்ற பேச்சே கிடையாது. உள்ளே இருப்பது ஏழாம் வரிசை வீழ்ப்புத்தளம் என்ற நல்ல கெட்டியான வடிவியல்.

அந்த வடிவியல்படி ஏழேழு நாற்பத்தொன்பது, கூட ஏழு, கூட ஒன்று: 57 படம், 57 அட்டை. பெட்டியைத் திறந்து எண்ணினால் 55தான். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், எல்லாப் பெட்டியிலும் அவ்வளவுதான். வேண்டுமானால் ஒரு மழைநாளில் தரையில் பரப்பி, ஒவ்வொரு படமும் எத்தனை அட்டையில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 42 படங்கள் எட்டு தரம், 14 படங்கள் ஏழு தரம், ஒன்றே ஒன்று மட்டும் ஆறு தரம் வரும். பழைய பதிப்பில் அந்த ஒன்று பனிமனிதன். காணாமல் போன இரண்டு அட்டையிலும் அவன் இருக்கிறான். மிச்சம் பதினான்கையும் அட்டைக்கு ஏழாகப் பிரிக்க ஒரு வழி சொல்கிறேன்: இருக்கிற 55ல் எங்கேயும் சேர்ந்து வராத படங்கள், தொலைந்த அட்டையில் சேர்ந்து இருந்தவை. இரண்டு அட்டையையும் நீங்களே வரைந்து பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். உதவிக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கணக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.